விசைக்குள் எழுத்து இல்லை

விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். பிஸ்கட் தூள் விழும், தலைமுடி விழும். எழுத்து ஒன்றும் விழாது. உள்ளே எழுத்தே கிடையாது. மேலே அச்சடித்திருக்கும் ‘ஏ’, ‘பி’, ‘சி’ எல்லாம் வாசலில் மாட்டிய பெயர்ப்பலகைதான். உள்ளே யாரைக் குடிவைப்பது என்பது நம் விருப்பம்.

இந்த உண்மை வெகுவாகக் கைகொடுக்கும் இடம் அந்தமான் நிக்கோபார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே 3,80,581 பேர். வங்காளம் பேசுவோர் முதலிடம், அடுத்து இந்தி, மூன்றாவதாகத் தமிழ். ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பேரின் தாய்மொழி அது. அதன் பிறகு தெலுங்கு, நிக்கோபாரி, மலையாளம். ஆனால் கடையில் வாங்கும் கீபோர்டில் ஆங்கில எழுத்துகள்தான் இருக்கும். ஒரே பலகையில் இத்தனை மொழிகளும் எப்படி ஏறுகின்றன?

நாலாம் எண் வீடு

விசைகளுக்கு அடியில் பாய்ப் பின்னல் போலக் குறுக்கும் நெடுக்குமாக மின்பாதைகள் ஓடுகின்றன. ஒரு விசையை அழுத்தினால் அந்த இடத்தில் ஒரு குறுக்குப் பாதையும் ஒரு நெடுக்குப் பாதையும் தொட்டுக்கொள்ளும். பலகைக்குள் இருக்கும் சிறு சில்லு நொடிக்குப் பலமுறை இந்தப் பின்னலைச் சுற்றிவந்து, எங்கே தொடர்பு ஏற்பட்டது என்று பார்த்து, கணினிக்கு ஓர் எண்ணை அனுப்புகிறது. யுஎஸ்பி விதிகளின்படி ‘ஏ’ விசையின் எண் 4. பிரான்சில் விற்கும் பலகையில் அதே இடத்தில் ‘க்யூ’ என்று அச்சடித்திருக்கும். அங்கிருந்தும் வருவது அதே 4தான். எண் இடத்துக்கு உரியது, எழுத்துக்கு அல்ல.

அந்த எண்ணை எழுத்தாக்குவது இயங்குதளத்தில் இருக்கும் ஓர் அட்டவணை. 4 வந்தால் ஆங்கில அட்டவணை ‘ஏ’ போடும், தமிழ்99 என்ற தமிழ் விசையமைப்பின் அட்டவணை ‘அ’ போடும். அதற்கும் மேலே உரைத்திருத்தி தனக்கென்று இன்னோர் அட்டவணை வைத்திருக்கிறது. இந்த விசைக்கு எழுத்து வேண்டாம், ஒரு வேலையைச் செய் என்று அதில் எழுதிவைக்கலாம். வரியை நீக்கு, இன்றைய தேதியைப் போடு, இரட்டை இடைவெளிகளை எல்லாம் ஒற்றையாக்கு என்று எது வேண்டுமானாலும் சொல்லலாம். பல கட்டளைகளைக் கோத்து ஒரே விசையில் பூட்டினால் அதுதான் மேக்ரோ.

இதற்கென்றே காலி மனைகளும் இருக்கின்றன. பலகையின் மேல்வரிசையில் எஃப் விசைகள் பெரும்பாலும் எஃப்12ஓடு முடிந்துவிடுகின்றன. ஆனால் யுஎஸ்பி அட்டவணையில் எஃப்13 முதல் எஃப்24 வரை 104இலிருந்து 115 வரையான எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலான பலகைகளில் இந்த விசைகளே இல்லை. அதனால் வேறெந்த மென்பொருளும் அவற்றுக்கு அதிகம் உரிமை கொண்டாடுவதில்லை. பத்துப் பன்னிரண்டு விசைகள் மட்டும் உள்ள துணைப் பலகை ஒன்றை வாங்கி அந்த எண்களை அனுப்பச் சொல்லலாம். செலவில்லாமல் வேண்டுமென்றால், சும்மா கிடக்கும் ஸ்க்ரோல் லாக் விசைக்கு வேலை கொடுக்கலாம்.

தீவுகளிலிருந்தே ஓர் உதாரணம். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. ஊர்ப்பெயரை ஒரு விசையில் பூட்டி வைத்திருக்கும் எழுத்தர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அட்டவணையில் ஒரே வரியை அவர் திருத்தினால் போதும். விரல் பழைய இடத்துக்கே போகும், திரையில் புதுப் பெயர் விழும்.

ஏழு முன்னொட்டுகள்

வங்காளத்துக்கும் தமிழுக்கும் ஆயத்த அட்டவணைகள் உண்டு. தீவுகளின் சொந்த மொழிகளுக்கு?

கார் நிக்கோபாரின் மொழி ரோமன் எழுத்தில் எழுதப்படுகிறது. ஜார்ஜ் வைட்ஹெட் தொகுத்த அதன் அகராதி 1925இல் ரங்கூனில் அச்சானது. ஆனால் ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்துகள் அந்த மொழிக்குப் போதவில்லை. தலையில் இரண்டு புள்ளி வைத்த ‘ஓ’ போன்றவை அடிக்கடி வருகின்றன. ஆங்கிலப் பலகையில் அதற்கு விசை இல்லை. ஒவ்வொரு முறையும் சிறப்புக்குறிப் பட்டியலைத் திறந்து தேடுகிறவர் ஒரு பக்கம் அடிப்பதற்குள் களைத்துவிடுவார். அதிகம் தேவைப்படாத விசை ஒன்றில் அந்த எழுத்தைக் குடிவைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

பெரிய அந்தமானி மொழியின் கதை இன்னும் சுவையானது. மொழியியலாளர் அன்விதா அபி 2005 முதல் அதன் கடைசிப் பேச்சாளர்களோடு உட்கார்ந்து சொல் சொல்லாகப் பதிந்து அகராதி ஆக்கினார். மனித உடலை ஏழு மண்டலங்களாகப் பிரித்து, அதன் மேல் இலக்கணத்தைக் கட்டிய மொழி அது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. வாய் ஒரு மண்டலம், விரல் போன்ற ஓரங்கள் ஒன்று, உள்ளுறுப்புகள் ஒன்று, கால் ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னொட்டு உண்டு. பெயர்ச்சொல்லில் மட்டுமல்ல, வினையிலும் அடைமொழியிலும் அவை ஏறிக்கொள்கின்றன. விரல் மண்டலத்தின் முன்னொட்டு நம் ‘ங்’ ஒலியில் முடிகிறது. உலக ஒலியியல் நெடுங்கணக்கில் அதற்கென்று ஓர் எழுத்து உண்டு. ஆங்கிலப் பலகையில் இல்லை.

உரைத்திருத்திக்காரர் பார்வையில் இது கைமேல் வந்த வாய்ப்பு. ஏழு முன்னொட்டுகள், எஃப்13 முதல் எஃப்19 வரை ஏழு விசைகள். ஆயிரக்கணக்கான சொற்களைத் தட்ட வேண்டிய ஒருவருக்கு இந்த ஏழும் எவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்தும்! கீமேன் போன்ற மென்பொருள்கள் இப்படிப்பட்ட சிறு மொழிகளுக்கு அட்டவணை எழுத உதவுகின்றன. தமிழ் வலைப்பதிவர்கள் பலர் தட்டிப் பழகிய எ-கலப்பையின் தொடக்கப் பதிப்பும் கீமேன் பொறியின் மேல் கட்டப்பட்டதுதான்.

விசைக்கு வழக்கமில்லாத வேலை கொடுப்பது தமிழுக்குப் புதிதும் அல்ல. யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோது 247 எழுத்துகளுக்கு 247 விசை வைக்க முடியாது என்ற சிக்கல் எதிரே நின்றது. நகரா விசை அதற்கு வழிகாட்டியது. அழுத்தினால் குறியை மட்டும் பதிக்கும், தாள் நகராது. அடுத்த விசை அதே இடத்தில் எழுத்தைப் பதிக்கும். அச்சடிப்பதும் நகர்வதும் இரண்டு தனி வேலைகள் என்று பிரித்துப் பார்த்த மூளை அது.

ஆளுக்கொரு பலகை

சுதந்திரத்துக்கு ஒரு விலையும் உண்டு. 1970களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் டெகோ என்ற உரைத்திருத்தி புழங்கியது. எந்த விசையிலும் எந்த மேக்ரோவையும் பூட்டலாம் என்ற வசதியை அதில் சேர்த்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். ஆளாளுக்கு விசைகளை மாற்றிக்கொண்டார்கள். ஒருவருடைய அமைப்பில் இன்னொருவரால் வேலை செய்ய முடியவில்லை. நல்லவற்றைத் திரட்டி ஒழுங்குபடுத்தும் வேலையை அதே ஆய்வகத்தின் கை ஸ்டீல் தொடங்கினார். 1976இல் அதிலிருந்து பிறந்ததுதான் ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்தி.

தமிழும் இதே பாட்டைப் பட்டது. 1990களில் மென்பொருளுக்கு ஒரு விசையமைப்பு, எழுத்துருவுக்கு ஒரு குறியீடு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டின் வழியே பொது அமைப்பு ஒன்று வந்தது. அதுவே தமிழ்99. அதில் ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டு போதும். நடுவில் புள்ளியை மென்பொருளே வைத்துவிடும்.

ஆனால் அன்றைக்கு உண்மையில் தொல்லை கொடுத்தது விசை வேறுபாடு அல்ல, குறியீட்டு வேறுபாடு. கோப்பில் பதியும் எண் ஆளுக்கு ஆள் மாறியதால், அனுப்பியவரின் எழுத்துரு இல்லாத கணினியில் கடிதம் கிறுக்கலாக விரிந்தது. யூனிகோடு அதைத் தீர்த்தது. ‘க’ எங்கும் 2965. அந்தமானி மொழியின் ‘ங்’ ஒலிக்கான எழுத்து எங்கும் 331. சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்டு, 2020 ஆகஸ்டில் திறந்துவைத்த ஒளியிழை வழியே தீவுகளுக்குப் போவதும் வருவதும் இந்தப் பொது எண்கள்தான். அவற்றை எந்த விசையிலிருந்து எழுப்பினோம் என்பது மறுமுனைக்குத் தெரியவும் தெரியாது, தேவையும் இல்லை. விசையை நம் வசதிக்கு மாற்றலாம். கோப்பில் விழும் எண் மட்டும் ஊரோடு ஒத்துப்போக வேண்டும்.

பெரிய அந்தமானிக் குடும்பத்தின் ‘போ’ மொழியைக் கடைசியாகப் பேசிய போவா சீனியர் 2010 ஜனவரி 26 அன்று இறந்தார். பேச ஆளில்லாத கடைசி ஆண்டுகளில் அவர் பறவைகளிடம் பேசிக்கொண்டிருந்ததாக அன்விதா அபி சொல்லியிருக்கிறார். இந்த ஒலிக்கு இந்தப் பொருள் என்ற அட்டவணையில் கூட்டாளிகள் எல்லோரும் போய், ஒருவர் மட்டும் மிஞ்சிய நிலை அது. ஒரு விசை அட்டவணையை அந்தத் துயரத்தோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் புது விசை பூட்டுகிறவர்கள் ஒரு சின்ன காரியம் செய்யலாம். எந்த விசையில் என்ன வைத்தோம் என்று ஒரு தாளில் எழுதி, பக்கத்து மேசைக்காரரிடம் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள்.