கீச்சுன்னு சத்தம் வந்தா பாட்டு சவுண்டைக் கூட்டாதீங்க

இன்றைய எபிசோடில் முதலில் என்னுடைய ஒரு முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். அதற்கப்புறம், அதனால் கார் பிரேக் பற்றி நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது ஏழு வருடப் பழைய சின்ன ஹேட்ச்பேக். பெரம்பூரிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து பெரம்பூர், அவ்வளவுதான் அதன் உலகம். இரண்டு மாதமாக பிரேக் மேல கால் வச்சாலே முன்பக்கத்திலிருந்து மெல்லிசா ஒரு 'கீச்'. நான் என்ன பண்ணினேன்? பாட்டு சவுண்டைக் கூட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் பொறுப்பு வந்தது. மொபைல் டார்ச்சை அடித்து, வீல் இடுக்கு வழியாக பிரேக் பேடைப் பார்த்தேன். யூடியூப்ல கத்துக்கிட்ட வித்தை. பேட் நல்ல தடிமனாகத்தான் இருந்தது. 'தூசியா இருக்கும்'னு விட்டுட்டேன்.

அந்த வாரக் கடைசியில் அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு ஏற்காடு போவதாகத் திட்டம். புதன்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவுக்குத் திரும்பும் முன் பிரேக் பிடித்தேன். 'கீச்' இல்லை. 'கர்ர்ர்' என்று இரும்போடு இரும்பு அரைபடும் சத்தம். பக்கத்து சீட்டில் அம்மா. நான் ஓட்டினாலே அவங்க பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதிச்சுட்டே வர்ற ஆள் அவங்க. "முதல்ல வண்டியைக் காட்டு. ஏற்காடெல்லாம் அப்புறம்"னு ஒரே வரியில் முடிச்சுட்டாங்க.

தெருமுனையிலேயே ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கு. மறுநாள் காலையில் போய் மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்து, தானே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.

"எத்தனை நாளா சத்தம் வருதும்மா?"

"ரெண்டு மாசமாண்ணா."

ஒண்ணும் சொல்லலை. ஜாக்கி போட்டு வீலைக் கழற்றினார். பிரேக் பேட் இரண்டையும் உருவி என் கையில் கொடுத்தார். ஒன்றில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. இன்னொன்றில் தேய்வதற்கு எதுவுமே இல்லை, வெறும் இரும்புத் தகடு. "நீ டார்ச் அடிச்சுப் பார்த்தது இது. தேய்ஞ்சுபோனது அந்தப் பக்கம்" என்றார்.

இங்கேதான் விஷயமே இருக்கு. முன் சக்கரத்தில் வீலோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். பிரேக் மிதித்தால் அதன் இரண்டு பக்கமும் இரண்டு பேட் வந்து கவ்வும். கவ்வ வைக்கும் இடுக்கிதான் காலிப்பர். பெரும்பாலான சின்ன கார்களில் காலிப்பருக்குள் ஒரே ஒரு பிஸ்டன்தான், அதுவும் உள்பக்கம். அது உள்பக்க பேடைத் தள்ளும். அந்த விசையில் முழு காலிப்பரும் இரண்டு பின்கள் மேல் நகர்ந்து வந்து வெளிப்பக்க பேடை இழுத்து அழுத்தும். அந்தப் பின்களில் கிரீஸ் காய்ந்து, துரு ஏறினால் காலிப்பர் நகராது. வேலை முழுக்க உள்பக்க பேட் தலையில் விழும். வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு எல்லாம் ஓகேவாகவே தெரியும்.

பேடில் தேயும் பகுதி புதிதில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். அந்தக் கட்டத்தில் டிஸ்க்கில் உரசிக் 'கீச்'சென்று கத்துவதற்காகவே பல பேடுகளில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். பெரும்பாலும் உள்பக்க பேடில். அதாவது, நான் பாட்டைக் கூட்டி அமுக்கின சத்தம், கார் கம்பெனிக்காரங்க எனக்காகவே வச்ச அலாரம்.

ஒரு சந்தேகம் வரலாம். மழை பெய்த மறுநாள் காலையில் வண்டி எடுத்ததும் கரகரன்னு ஒரு சத்தம் வருமே, அது? ராத்திரி ஈரத்தில் டிஸ்க் மேல் லேசாகத் துரு படியும். நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். அதற்குப் பயப்பட வேண்டாம். தினமும் வர்ற 'கீச்' வேற. 'கர்ர்' வந்துவிட்டால் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, பெடல் அதிர்ந்தாலோ, பஞ்சு மாதிரி அமுங்கினாலோ, அதுவும் தள்ளிப்போடுற விஷயம் இல்லை.

பஞ்சு மாதிரி என்றதும் பிரேக் ஆயிலுக்கு வருவோம். அண்ணன் பானெட்டைத் திறந்து, டப்பாவில் இருந்த ஆயிலைக் காட்டினார். டீ கலரில் இருந்தது. நான் இந்தக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது, ஒருமுறைகூட மாற்றவில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். மலைச் சாலையில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடு எகிறும், ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அழுத்தினால் விசை அப்படியே சக்கரத்துக்குப் போகும். குமிழியை அழுத்தினால் அது சுருங்கிவிடும். பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஏற்காட்டுக்கு சேலம் பக்கத்திலிருந்து போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கிடுச்சு.

இன்னொன்றும் சொன்னார். பேட் தேயத் தேய டப்பாவில் ஆயில் மட்டம் இறங்கும். மட்டம் குறைவாக இருந்தால் மேலே ஊற்றி நிரப்பிட்டு போயிடாதீங்க. ஒன்று பேட் தேய்ந்திருக்கும், இல்லை எங்கேயோ ஒழுகும். எதுன்னு பார்க்கணும்.

அப்புறம் வேலை ஆரம்பித்தது. இரும்புத் தகடு உரசியதில் டிஸ்க்கின் உள்பக்கம் ஆழமான கோடுகள். எவ்வளவு தேயலாம் என்ற குறைந்தபட்ச அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். வெர்னியர் வைத்து அளந்தார், அதற்கும் கீழே போயிருந்தது. ஒரு பக்கம்தானே கெட்டது, அதை மட்டும் மாற்றலாமா என்று கேட்டேன். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கணும்மா. இல்லைன்னா வண்டி இழுக்கும்" என்றார். டிஸ்க் இரண்டு, பேட் ஒரு செட், பின்களைச் சுத்தம் செய்து அதற்கான கிரீஸ், பழைய ஆயிலை வெளியேற்றி, ஏர் எடுத்து, புது ஆயில். பின் சக்கர டிரம்மையும் திறந்து, ஷூ தேய்ந்திருக்கிறதா, வீல் சிலிண்டர் ஒழுகுதா என்று பார்த்தார். அது நல்லா இருந்தது.

பில் 6,400 ரூபாய். அதில் டிஸ்க் மட்டும் 3,200. 'கீச்' கேட்ட வாரமே போயிருந்தால் அந்தப் பாதிப் பணம் மிச்சம். உங்கள் காருக்குத் தொகை மாறும், கணக்கு மாறாது. பணத்தை மிச்சம் பிடிக்க புதுப்பேட்டையில் பழைய பம்பரோ கண்ணாடியோ தேடலாம், தப்பில்லை. பிரேக் பேட் மட்டும் புதுசா, சீல் பிரிக்காத பெட்டியில் வாங்குங்க.

நீங்கள் ஒர்க்‌ஷாப் போனால் இதை மட்டும் கேளுங்கள்: "வீலைக் கழற்றி உள்பக்க பேடையும் காட்டுங்கண்ணா. பின் நகருதா? பின்னாடி டிரம்மையும் திறந்து பார்க்கலாமா? ஆயில் மாத்தி எவ்வளவு நாளாச்சு?" கழற்றிய பழைய பொருளைக் கையில் வாங்கிப் பாருங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

புது பேட் போட்டதும், வண்டியை நகர்த்தும் முன் பெடலை நாலைந்து தடவை மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. அப்புறம் முதல் 200, 300 கிலோமீட்டருக்கு அவசரம் இல்லாத இடத்தில் சடன் பிரேக் போட வேண்டாம். பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று படியணும்.

அதனால் ஏற்காட்டை அந்த வாரம் தள்ளிவைத்தோம். இரண்டு வாரம் கழித்துப் போனோம். அண்ணன் சொன்னபடி, ஏறின கியரிலேயே இறங்கினேன். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டது, பிரேக்கை விட்டு விட்டுத்தான் தொட்டேன். அம்மா வழக்கம்போல அவங்க பக்கத்து பிரேக்கை 20 வளைவிலும் மிதிச்சாங்க. அதை ரிப்பேர் பண்ண எந்த ஒர்க்‌ஷாப்பும் கிடையாது.

உங்க வண்டியில இப்போ ஏதாவது சத்தம் வந்துட்டிருந்தா, இந்த எபிசோடை நிறுத்திட்டு அதைக் கேளுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.