குரோஷா பின்னும் கைக்கு என்ன கூலி?

இயந்திரத்துக்கு வசப்படாத கைத்தொழில்கள் இன்று உலகத்தில் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. அந்தச் சிலவற்றுள் ஒன்று, முன்னாளில் பாளையக்காரர்களின் இருப்பிடமாயிருந்து இப்போது பழனியை அடுத்த சிறியதொரு பேரூராட்சியாக விளங்கும் பாலசமுத்திரத்தில், மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த நேரத்துக்கும் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்துக்கும் இடைப்பட்ட பொழுதில், திண்ணைகளில் நடந்து வருகிறது. குரோஷா பின்னும் பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று பத்திரிகையார் கேட்டபோது, வண்ணப் படங்களுக்கு இடமளிக்கும் இனியதொரு பொழுதுபோக்கைப் பற்றியே நான் எழுதுவேன் என்று அவர்கள் எண்ணியிருக்கக் கூடும். இனிமைக்கு அங்கே குறைவில்லை. அதையும் சொல்லத்தான் போகிறேன். ஆயினும் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து நானும் ஊசியெடுத்துப் பின்னிப் பழகி வந்ததில், என் மனத்தை விட்டு அகலாமல் நின்றுவிட்ட விஷயம் வேறு, அது கூலி.

இத்தொழில் ஏன் இயந்திரத்துக்கு அகப்படவில்லை என்பதை அறிந்துகொண்டால்தான் மற்றவை விளங்கும். இரண்டு ஊசிகளால் பின்னும் நிட்டிங்கில் ஒரு வரிசையின் கண்ணிகள் அனைத்தும் ஒரே சமயத்தில் ஊசியின்மேல் ஏறிக் காத்து நிற்கின்றன. அதனாலேயே 1589ஆம் ஆண்டில் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயரால் காலுறை பின்னும் சட்டம் ஒன்றை அமைக்க முடிந்தது. அந்தப் பரம்பரையில் வந்த இயந்திரங்களைக் கொண்டே நமக்கு வடக்கிலுள்ள திருப்பூர் பல தேசங்களுக்குப் பனியன் அனுப்புகிறது. கொக்கி வைத்த ஒற்றை ஊசியால் பின்னும் குரோஷாவிலோ ஊசியில் நிற்பது ஒரே கண்ணி; அடுத்த குத்து முந்தின வரிசையிலா, அதற்கும் முந்தினதிலா, சங்கிலியின் இடைவெளியிலா என்பதைப் பின்னுகிறவளின் கண்ணும் விரலும் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. குரோஷாவைப் போலத் தோற்றமளிக்கும் துணியைச் செய்து தள்ளும் இயந்திரங்கள் உண்டு. குரோஷாவையே பின்னும் இயந்திரம் எந்த ஆலையிலும் இன்றுவரை ஓடவில்லை. ஆகவே கடையில் தொங்குகின்ற உண்மையான குரோஷாச் சட்டை எந்த தேசத்திலிருந்து வந்ததாயினும், எத்தனை மலிவாயினும், அதை ஒரு மனிதக் கை கண்ணி கண்ணியாகப் பின்னியது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

பாலசமுத்திரத்துப் பெண்கள் இதைச் சரித்திரமாக அறிந்தவர்கள் அல்லர், விரலால் அறிந்தவர்கள். அவர்களுக்குச் சங்கமென்றோ பதிவேடென்றோ எதுவுமில்லை. ஒருத்தி வாசல் தோரணம் பின்னுவாள். ஒருத்தி பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்குத் தொப்பியும் காலுறையும் பின்னுவாள். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி ஜப்பானியர் அமிகுரூமி என்று வழங்கும் பஞ்சடைத்த பொம்மைகளைச் செய்து தோழிகளின் பைகளில் மாட்டிவிடுவாள். மெல்லிய பருத்தி நூலுக்கு எஃகு ஊசியும், தடித்த உல்லன் நூலுக்கு அலுமினிய ஊசியுமாக ஆளுக்கொரு பழைய பவுடர் டப்பாவில் வைத்திருக்கிறார்கள். திண்டுக்கல்லிலும் வேடசந்தூரிலும் நூற்பாலைகள் இரவு பகலாக நூல் நூற்றுக்கொண்டிருக்க, இவர்களுக்கு வேண்டிய குரோஷா நூல்கண்டு மட்டும் வெளியூர்களிலிருந்து பழனிக் கடைவீதியின் ஃபேன்ஸி ஸ்டோர்களுக்கு வந்து சேர்ந்து, சிறு கண்டாக, சிறு கண்டுக்குரிய உயர்ந்த விலையில் கிடைக்கிறது. திருப்பூரில் வேலை பார்க்கும் உறவினர் யாரேனும் ஊருக்கு வரும்போது மிச்சப்பட்ட கோன் நூலைக் கொண்டுவந்து கொடுத்தால், அன்றைக்குத் திண்ணையில் உண்டாகும் சந்தோஷம் பார்க்கத் தக்கது.

நூல் வாங்குவதிலும் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. ஒரே நிறம் என்று நம்பி வாங்கிய இரண்டு கண்டுகள் வெவ்வேறு சாயத்தொட்டிகளில் தோய்ந்தவையானால், கடை வெளிச்சத்தில் தெரியாத பேதம் பின்னி முடித்த விரிப்பில் கோடு கிழித்ததுபோல் எழுந்து நிற்கும். ஆதலால் அநுபவசாலிகள் லேபிலில் அச்சிட்டிருக்கும் சாய எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து, வேலைக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே தடவையில் வாங்கிவிடுவார்கள். கையில் பணம் இல்லாதவர்களுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. பின்னல் குறிப்புகளைப் படிப்பதும் இதுபோலவே அநுபவத்தால் வரவேண்டியதொன்று. அமெரிக்கக் குறிப்பில் சிங்கிள் குரோஷே எனப்படுவது பிரிட்டிஷ் குறிப்பில் டபிள் குரோஷே எனப்படுகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்கிய மேஜை விரிப்பு, பாதி வளர்ந்த பிறகு அளவு பொருந்தாமல் போய், கண்ணி கண்ணியாகப் பிரிக்கப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். பிரிக்கிறபோது ஒருவரும் வருத்தப்பட்டுக்கொண்டு உட்காருவதில்லை. ஒருத்தி உருவ, மற்றொருத்தி கண்டாகச் சுற்ற, பேச்சு நடந்துகொண்டே இருக்கும்.

கற்பிக்கும் முறையையும் சொல்லவேண்டும். வலக்கைக்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்பிப்பார்கள். இடக்கைப் பழக்கமுள்ள சிறுமி வந்தால் எதிரே உட்கார்த்திக்கொள்வார்கள். கண்ணாடியில் தெரியும் பிரதிபிம்பத்தைப் பார்த்துச் செய்வதுபோல் அவள் செய்ய, இரண்டு நாழிகைக்குள் சங்கிலி பிடிபட்டுவிடுகிறது. குழந்தை வளர்ப்பு, மாமியார் உடல்நிலை, நகைக்கடன் வட்டி, மில் வேனில் போகும் பெண்ணுக்கு வரன் என்று சம்பாஷணை எங்கே போனாலும் கண்ணி எண்ணும் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். பதினேழு, பதினெட்டு என்று எண்ணிக்கொண்டிருப்பவளிடம் அந்நேரத்தில் கேள்வி கேட்கலாகாது என்பது அங்கே எல்லோரும் மதிக்கும் நியதி.

இத்தகைய பெண்கள் ஒன்றுகூடினால் எதைச் சாதிக்கலாம் என்பதற்குச் சென்னையிலேயே கண்கூடான சான்று இருக்கிறது. மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் என்ற பெயரில் ஒன்றுசேர்ந்த பெண்கள், அவரவர் வீட்டில் பின்னிய சதுரங்களையெல்லாம் இணைத்து, 2016ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரே போர்வையாக விரித்துக் காட்டி கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம் பெற்றார்கள். விவசாயிகளின் கணக்கில் சொன்னால் அது இரண்டே முக்கால் ஏக்கர் நிலம். அடுத்த ஆண்டே பதினான்கு கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள கழுத்துத் துண்டு ஒன்றையும் பின்னி முடித்தார்கள். இதைக் கேள்விப்பட்டபோது பாலசமுத்திரத்துத் திண்ணையில் பெருமிதம் பொங்கிற்று, எனக்கும் அப்படியே. ஆயினும் அந்தப் போர்வையின் பரப்பளவைச் சொன்ன செய்திகளில், அதற்குள் எத்தனை ஆயிரம் மணி நேரம் அடங்கியிருக்கிறது என்ற கணக்கை நான் எங்கும் காணவில்லை. பரப்பை அளக்கிறோம், நீளத்தை அளக்கிறோம், பின்னியவள் கொடுத்த காலத்தை மட்டும் அளப்பதில்லை.

நான் கவலைப்படும் இடம் இதுதான். ஒரு நாள் பக்கத்துத் தெருவிலிருந்து வந்த அம்மாள் ஒருவர், முடிந்திருந்த தோரணத்தை எடுத்து விரித்துப் பார்த்து, "ஏனுங்க கண்ணு, இது என்ன வெல?" என்று கேட்டார். பின்னியவள் சற்றே தயங்கி, "நூலு வெல போக நூறோ இருநூறோ பாத்துக் குடுங்கக்கா, சும்மா ஒக்காந்திருந்த நேரத்துல பின்னுனதுதானுங்க" என்றாள். இரவில் கண்ணெரிய உட்கார்ந்து, இரண்டு முறை பிரித்துப் பின்னிய வேலை அது. வாங்க வந்தவர் கெட்டவர் அல்லர். கேட்ட விலையைக் கொடுத்தார். அந்த விலையைத் தன் வாயாலேயே தாழ்த்திச் சொன்னவள் பின்னியவள்தான், தன் காலத்துக்கு ஒரு மதிப்பு உண்டு என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கு விதிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 42 ரூபாய் ஆகிறது. இது விசேஷப் பயிற்சி எதுவும் வேண்டாத வேலைக்கான கூலி. கைதேர்ந்த ஒருத்தி பதினான்கு மணி நேரத்தில் முடிக்கும் தோரணத்துக்கு இந்தக் கூலியை மட்டுமே கொடுத்தாலும் 588 ரூபாய் வரும். நூலுக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 738 ரூபாய். அதே தோரணத்தை அவள் 350 ரூபாய்க்கு விற்றாளானால், நூல் விலை கழித்து அவள் கைக்கு வருவது மணிக்குப் பதினான்கு ரூபாய் சில்லறை. மண் வெட்டுவதற்குரிய கூலியில் மூன்றில் ஒரு பங்கு, வருஷக்கணக்காகக் கற்ற கைத்திறனுக்குக் கிடைக்கிறது.

இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறிய, ஆந்திர தேசத்து மேற்குக் கோதாவரியில் உள்ள நரசாபூரைப் பார்த்தால் போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காத்லாந்துப் பாதிரிமார் குடும்பத்தார் கோதாவரிக் கரையில் கற்பித்த இத்தொழில், அங்கே ஆயிரக்கணக்கான வீடுகளில் வேரூன்றி, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியாகும் பெரிய வியாபாரமாக விருத்தியடைந்தது. 1970களின் பிற்பகுதியில் அங்கே தங்கி ஆராய்ந்த ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் மரியா மீஸ், 1982இல் வெளியிட்ட நூலில், நாள் முழுவதும் பின்னிய பெண்ணின் வருமானம் ஒரு ரூபாயைக்கூட எட்டவில்லை என்பதையும், அது விவசாயக் கூலியை விடவும் மிகக் குறைந்தது என்பதையும் எடுத்துக்காட்டினார். அதற்கு அவர் கண்ட காரணம்தான் என்னைத் திடுக்கிட வைத்தது. பின்னும் பெண்களைத் தொழிலாளிகள் என்று யாரும் கருதவில்லை. வீட்டில் ஓய்ந்திருக்கும் இல்லத்தரசிகள் பொழுதைப் போக்கச் செய்வது என்றே வியாபாரிகளும் குடும்பத்தாரும் அந்தப் பெண்களுமே கருதிவந்தார்கள். வேலை எனப்படாததற்குக் கூலி கேட்பது எப்படி? பாலசமுத்திரத்துத் திண்ணையில் நான் கேட்ட பதில், அரை நூற்றாண்டுக்கு முன் கோதாவரிக் கரையில் நிலவிய அதே எண்ணம். நரசாபூர்க் குரோஷா லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழத் தக்க செய்திதான். ஆனால் குறியீடு பொருளின் பெயரைக் காப்பாற்றுமேயன்றிப் பின்னுகிறவளின் மணிக்கணக்கைக் காப்பாற்றாது.

எதிர்மாறான சரித்திரமும் நம் தென்கோடியிலேயே இருக்கிறது. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், அங்கிருந்த பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அது குரோஷா அன்று, திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, பாபின்களில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னும் முறை. ஆயினும் கையும் காலமும் ஒன்றுதான். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். அதற்கு முன்பே, அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிய கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. மால்ட் தம்பதியரின் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடி சென்றபின் அங்கும் லேஸ் வேலையைப் பரப்பினார். நாகர்கோவிலில் நடந்ததை நான் பலமுறை நினைத்துப் பார்ப்பதுண்டு. கூலி எண்ணப்பட்டு அவள் கையிலேயே வந்து சேர்ந்ததால் அந்தப் பெண் தன்னைத் தானே மீட்டுக்கொண்டாள். எண்ணப்படாமல் போயிருந்தால் அவள் பின்னிய லேஸை எஜமானி வீட்டார் அணிந்திருப்பார்களே தவிர அவள் அடிமையாகவே மடிந்திருப்பாள். அயர்லாந்தில் 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் எத்தனையோ குடும்பங்கள் பட்டினிச் சாவினின்று பிழைத்ததும் குரோஷா லேஸ் விற்ற காசினால்தான்.

மனத்துக்கு ஆறுதல் தரும் கலையை ரூபாய்க் கணக்கில் இறக்கினால் அதன் இன்பம் கெட்டுவிடும் என்று சொல்வோர் உண்டு. பேரப்பிள்ளைக்குப் பின்னும் தொப்பியைப் பற்றியவரையில் நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். விற்பனைக்கென்று பின்னுவதில் அந்த வாதம் செல்லாது. மலிவாக விற்பவள் தன்னை மட்டும் நஷ்டப்படுத்திக்கொள்வதில்லை. விதவையாகி இதையே ஜீவனமாகக் கொண்ட அடுத்த தெருப் பெண்ணின் விலையையும் சேர்த்து வீழ்த்துகிறாள். வெளியூர் வியாபாரி ஒருவர் நூலைத் தாமே கொடுத்து, பூ ஒன்றுக்கு இவ்வளவு என்று சில்லறைக் கூலி பேச வந்தபோது, மறுக்கத் தெரியாமல் நான்கு பேர் ஒப்புக்கொண்டதையும் கண்டேன். எத்தனை பூவுக்கு எத்தனை மணி நேரம் என்று ஒருவரும் எழுதி வைத்திருக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் அன்றே மறுத்திருப்பார்கள்.

ஆகையால் பின்னும் சகோதரிகளுக்கு நான் சொல்வது சிறு காரியம். பவுடர் டப்பாவோடு ஒரு நாற்பது பக்க நோட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஊசி எடுத்த நேரத்தையும் வைத்த நேரத்தையும் குறியுங்கள். பிரித்துப் பின்னிய நேரத்தையும் விடாதீர்கள். நூறு நாள் வேலைக் கூலிக்குக் குறைந்து எவளும் விற்பதில்லை என்று ஒரு திண்ணை முழுவதும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். தனியொருத்தி சொன்னால் எடுபடாது, பத்துப் பேர் சொன்னால் எடுபடும். மகளிர் சுயஉதவிக் குழுக்களில் ஏற்கனவே வரவுசெலவு எழுதிப் பழகியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்தக் கணக்குப் புத்தகத்தில் இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குவது கடினமன்று. நூற்பாலைகள் சூழ்ந்த இந்த ஜில்லாவில் நூலை மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளவும் அதே குழுக்கள் வழி செய்யலாம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாதயாத்திரையாகவோ பஸ்ஸிலோ முருகனைத் தரிசிக்கப் பழனிக்கு வருகிறவர்கள், கையால் பின்னிய தோரணத்தையோ பையையோ காண நேர்ந்தால், விலையைக் கேட்பதோடு நிற்காமல் எத்தனை மணி நேரம் பிடித்தது என்றும் கேளுங்கள். பதிலை மணிக்கு 42 ரூபாயால் பெருக்கி, நூல் விலையைக் கூட்டிப் பாருங்கள். அவள் சொன்ன விலை அதற்குக் குறைவாயிருந்தால், குறைந்ததை நீங்களே சேர்த்துக் கொடுங்கள். தைப்பூசத்துக்கு வேண்டுமென்றால் கார்த்திகை மாதமே சொல்லி, நூலுக்கு முன்பணமும் கொடுத்துவிடுங்கள்.