தலையெழுத்தா? எழுத்தர் எழுத்தா?

போர்முனையிலே துப்பாக்கி பேசும். போர் முடிந்த பிறகு காகிதம் பேசும். துப்பாக்கி ஏந்தியவன் எத்துணைத் தீரனாயினும், காகிதத்திலே பெயர் தவறினால் அவன் வேறொருவன்! தேதி தவறினால், அவன் அந்தப் போருக்கே போகாதவன்! காயம்பட்ட குறிப்பு விடுபட்டுப் போனால், உடலிலே உள்ள தழும்பின் சாட்சியம் கூட எடுபடாது. ‘என் தலையெழுத்து’ என்று அவன் நெற்றியிலே அடித்துக்கொள்கிறான். இல்லை தோழர்களே! அது தலையெழுத்து அல்ல. எங்கோ ஒரு மேசையிலே உட்கார்ந்து எவரோ ஓர் எழுத்தர் எழுதிய எழுத்து. மனிதன் எழுதியதை மனிதன் திருத்தலாம், திருத்தியாக வேண்டும்!

அமெரிக்காவைப் பாருங்கள். செல்வம் கொழிக்கும் நாடு. கணக்கு வைப்பதிலே கைதேர்ந்த நாடு. அங்கே படைப்பணி முடித்து விடைபெறுவோருக்கு ஒரு தாள் தருகிறார்கள். ‘டி.டி. 214’ என்பது அதன் பெயர். என்று சேர்ந்தான், என்று விலகினான், என்ன பதக்கம் பெற்றான், நற்பெயரோடு விடுவிக்கப்பட்டானா, அவப்பெயரோடு அனுப்பப்பட்டானா, அத்தனையும் அந்த ஒரு தாளிலே. மருத்துவ உதவியா? வீட்டுக் கடனா? படிப்புச் செலவா? செத்த பிறகு சவப்பெட்டியின் மீது தேசியக் கொடி போர்த்தும் மரியாதையா? ‘எங்கே அந்தத் தாள்?’ என்பதுதான் முதல் கேள்வி.

வீடு திரும்பும் அவசரத்திலே, தட்டெழுதித் தந்ததைச் சரியாகப் படிக்காமலே கையெழுத்திட்டு விடுகிறான் சிப்பாய். ஆண்டுகள் உருண்டோடி, உடல் தளர்ந்து, உதவி கேட்டுப் போய் நிற்கும் நாளிலேதான் அந்தப் பிழை பல்லிளிக்கிறது!

சின்னப் பிழையென்றால், தக்க சான்று காட்டினால் படைத்துறையே ‘டி.டி. 215’ என்ற திருத்தத் தாளைத் தருகிறது. பெரிய பிழையென்றால்? ஒரு காலத்திலே அதற்கு நாடாளுமன்றப் படியேற வேண்டியிருந்தது. உறுப்பினர் ஒருவரைப் பிடித்து, அந்த ஒரு வீரனுக்காகவே தனி மசோதா கொண்டுவரச் செய்ய வேண்டும். ஓர் ஏட்டுப் பிழையைத் திருத்த ஒரு சட்டம்! செல்வாக்குள்ளவனுக்குச் சட்டம் பிறக்கும், செல்வாக்கில்லாதவனுக்கு?

1946-ஆம் ஆண்டிலே வந்த சட்டம் அந்தத் தனி மசோதா முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. படைத்துறை ஆவணங்களைத் திருத்துவதற்கென்றே குழுக்கள் அமைக்க வழி செய்தது. அந்தக் குழுவிலே அமர்பவர்கள் சீருடைத் தளபதிகள் அல்ல, சிவிலியன்கள்! 149-ஆம் எண் படிவத்தை நிரப்பி அனுப்பலாம், கட்டணம் கிடையாது. பிழையைக் கண்டறிந்த மூன்றாண்டுக்குள் கேட்க வேண்டும் என்பது விதி. நீதியை முன்னிட்டுக் காலதாமதத்தைப் பொறுத்துக்கொள்ளவும் குழுவுக்கு அதிகாரமுண்டு. பிழையைத் திருத்தலாம், அநீதியைக் களையலாம் என்று இரண்டையும் பக்கத்திலே பக்கத்திலே வைத்துச் சொல்கிறது சட்டம். நல்ல சட்டம்தான், மறுக்கவில்லை.

ஆனால், நிரூபிக்க வேண்டியவன் யார்? அலுவலகம் தன் வேலையைச் செம்மையாகவே செய்தது என்று கருதித்தான் குழு விசாரணையைத் தொடங்கும். அப்படியில்லை என்று மெய்ப்பிக்க வேண்டியவன் வீரன்! எழுதியவன் அவனல்ல, ஏட்டைப் பூட்டி வைத்தவனும் அவனல்ல, ஆனாலும் சுமை அவன் தோளிலே!

அந்த ஏடே சாம்பலாகிவிட்டால்? கற்பனையல்ல, நடந்தது. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரத்தை ஒட்டியிருந்த ஆவணக் காப்பகத்திலே தீப்பிடித்தது. ஒரு கோடியே 60 லட்சத்திலிருந்து ஒரு கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் கருகின. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியோரின் ஏடுகளிலே நூற்றுக்கு 80 பங்கு போயிற்று. மறுபடி இல்லை, படச்சுருள் நகலும் இல்லை! சம்பளப் பட்டியல், மருத்துவமனைக் குறிப்பு, கூட இருந்த தோழனின் சாட்சியம் என்று துண்டு துண்டாகத் தேடி, வாழ்க்கையை ஒட்டுப்போட வேண்டியதாயிற்று. பெட்டியடியிலே பழைய தாளைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தவன் பிழைத்தான்.

கை தவறி விழுந்த பிழை ஒருபுறம். மனமறிந்து இழைத்த அநீதி மறுபுறம். 1944-இலே சியாட்டில் நகரத்து லாட்டன் கோட்டையில் கலவரம் மூண்டது. இத்தாலியப் போர்க்கைதி ஒருவர் பிணமாகத் தொங்கக் காணப்பட்டார். கறுப்பினச் சிப்பாய்கள் 43 பேர் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். அத்தனை பேருக்கும் வாதாட இரண்டே வழக்கறிஞர்கள்! முக்கியமான விசாரணை அறிக்கை அவர்கள் கண்ணிலே காட்டப்படவில்லை. 28 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. அவர்களிலே ஒருவர் சாமுவேல் ஸ்னோ. சிறை சென்றார், அவப்பெயர் முத்திரையோடு வீடு திரும்பினார். வீரன் என்ற உரிமை எதுவும் இல்லை.

ஜாக் ஹாமன் என்ற பத்திரிகையாளர் பழைய கோப்புகளைத் துருவி, 2005-இலே நூலாக வெளியிட்டார். 2007-இலே அந்தத் திருத்தக் குழுதான் தீர்ப்பை நீக்கியது. ஸ்னோவுக்கு வந்த காசோலை எவ்வளவு தெரியுமா? 725 டாலர்! சிறையிருந்த காலத்துச் சம்பளமாம், வட்டி கிடையாதாம். 2008 ஜூலை 26 அன்று சியாட்டிலிலே விழா நடந்தது. படைத்துறை மன்னிப்புக் கேட்டது. ஸ்னோ நோயுற்றிருந்ததால், அவருடைய மகன் நற்சான்றைப் பெற்றுக்கொண்டார். சில மணி நேரத்துக்குள் ஸ்னோ கண்ணை மூடிவிட்டார். கறை துடைக்க 64 ஆண்டு!

அந்த வீரன் சலுகை கேட்கவில்லை. ‘நடந்ததை நடந்தபடி எழுது’ என்றான். அவ்வளவுதான். இதைக் கேட்பது பிச்சையல்ல, உரிமை.

ஆலையிலே உழைப்பவனுக்கும், படையிலே உழைத்தவனுக்கும் அமெரிக்க வீரனின் அனுபவம் தரும் பாடம் ஒன்றே. தாளை வாங்கியவுடன் படி. படித்த பிறகு கையெழுத்திடு. படிக்கத் தெரியாத தோழனுக்கு, தெரிந்தவன் படித்துச் சொல்லட்டும். நகலை வீட்டிலே வை. பிழை கண்டால் அன்றே எழுதிக் கேள். கூட உழைத்தவனின் சாட்சியத்தை, அவன் உயிரோடிருக்கும்போதே எழுத்திலே வாங்கு.

சர்க்கார்களுக்கும் ஒரு சொல்: ஏடு உங்கள் கையிலே, எழுதுகோல் உங்கள் கையிலே, பிழைக்குப் பொறுப்பு மட்டும் ஏழையின் தலையிலேயா?