காசோலை எண்ணும் கடைப் பலகையும்

கல்லாவில் இருக்கும் காசோலைப் புத்தகத்தை எடுத்து, தாளின் அடியில் உள்ள வெள்ளைப் பட்டையைப் பாருங்கள். அங்குள்ள எண்கள் நாம் பில்லில் எழுதும் எண்களைப் போல் இருக்காது. ஓரிடத்தில் மெலிந்தும், சம்பந்தமில்லாத இன்னோரிடத்தில் தடித்தும், கட்டம் கட்டமாக நிற்கும்.

இதன் பெயர் ஈ-13பி. 1950களில் பேங்க் ஆப் அமெரிக்காவுக்காக ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையமும் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனமும் செய்த வேலையில் பிறந்தது. காந்தத்துக்குக் கட்டுப்படும் இரும்பு ஆக்சைடு கலந்த மையில் அச்சிடுகிறார்கள். தடித்த இடத்தில் மை அதிகம், மெலிந்த இடத்தில் குறைவு. ஆகவே ஒவ்வொரு எண்ணும் இயந்திரத்துக்கு வெவ்வேறு அலையைத் தரும். கோணல் அழகுக்காக அல்ல, 3ஐ 8 என்று இயந்திரம் ஏமாறாமல் இருக்கத்தான். பத்து எண்கள், நான்கு குறிகள், அவ்வளவே. எழுத்து ஒன்றுகூடக் கிடையாது.

அந்தப் பட்டையில் ஒன்பது இலக்க எண் ஒன்று உண்டு. முதல் மூன்று ஊர் (சென்னைக்கு 600), அடுத்த மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. சென்னையில் 24-9-2011 முதல் காசோலையின் படத்தை அனுப்பியே பணம் வசூலாகும் முறை வந்தது. ஆனாலும் பட்டை போகவில்லை. அதன்மேல் கையெழுத்தோ ரப்பர் ஸ்டாம்போ படாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

எண்கள் வந்த பிறகு ஓவியர்கள் சும்மா இருப்பார்களா? 1960களில் இங்கிலாந்தில் வெஸ்ட்மின்ஸ்டர் என்றும், 1970ல் டேட்டா 70 என்றும், அதே சாயலில் ஆங்கில எழுத்து முழுவதையும் வரைந்துவிட்டார்கள். கம்ப்யூட்டர், ராக்கெட் என்றாலே அந்த எழுத்துதான் என்று ஆனது. வருங்காலம் இப்படி இருக்கும் என்று அன்று நினைத்தது இன்று பழைய நினைவாகிவிட்டது. அதனாலேயே இளைஞர்களுக்கு இப்போது மறுபடி மோகம்.

என் வீட்டிலும் அப்படித்தான். சில ஆண்டுகளுக்கு முன் மகன் பேச்சைக் கேட்டு, மேற்குத் தாம்பரத்தில் உள்ள நம் மொத்தக் கடைக்கு ரூ.22,000 செலவில் சதுர எழுத்துப் பலகை மாட்டினேன். தமிழையும் அதே கட்டத்தில் அடக்கினார்கள். 'ஸ்டோர்ஸ்' என்பதில் காலும் ரகரமும் பக்கத்தில் பக்கத்தில் வரும். ரகரத்தின் வாலை வெட்டிவிட்டால் இரண்டும் ஒன்றுதான். முடிச்சூரிலிருந்து சரக்கு எடுக்க வந்த புது வியாபாரி நம் கடையைத் தாண்டிப் போய், அடுத்த தெருவில் நின்று போன் செய்தார். டகரம், பகரம் சதுரத்துக்குத் தாங்கும். ஞகரம், இகரம், ணகரம் எல்லாம் வளைவில்தானே இருக்கின்றன? அவற்றை மடக்கினால் முகமே மாறிவிடும்.

செல்போன் கடை, வீடியோ கேம் கடை போன்றவற்றுக்கு, நான்கைந்து எழுத்துள்ள ஆங்கிலப் பெயருக்கு, இந்த வகை நன்றாகவே பொருந்தும். மளிகைக்கு எதற்கு? அதிலும் விலைப் பலகையில் கூடவே கூடாது. துவரம் பருப்பின் விலையை வாடிக்கையாளர் உற்றுப் பார்க்க நேர்ந்தால் கூட்டம் தேங்கும். நம் மாநில விதிப்படி பலகையில் தமிழ் முதன்மையாக, தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். பெரிதாக நிற்கப் போவது தமிழ்தான், ஆகவே அதை முதலில் முடிவு செய்யுங்கள். மாதிரியைக் காகிதத்தில் எடுத்து எதிர்ச்சாரியில் நின்று பாருங்கள். கண்ணாடி போடும் ஒருவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

பிறகு நான் தமிழை உருண்டை எழுத்தில் மாற்றினேன். கீழே சிறிதாக உள்ள ஆங்கிலம் மட்டும் அதே சதுர எழுத்தில் இருக்கிறது. மகன் விடவில்லை.