பூசணம் தந்த தேன்சுவை

உண்ணும் பொருளில் பூசணம் பூத்தால் அதனை எறிந்துவிடுகிறோம். ஆனால் பிரான்சு நாட்டில், போர்தோ நகருக்குத் தெற்கேயுள்ள சொத்தேர்ன் வட்டாரத்து உழவர்கள், தங்கள் வெள்ளைத் திராட்சையின்மேல் பூசணம் படராதா என்று ஆண்டுதோறும் காத்திருக்கின்றனர். மாணவர்களே, இது விந்தையன்றோ?

அங்கே சிரோன் என்னும் குளிர்ந்த சிற்றாறு, அதனினும் வெதுவெதுப்பான கரோன் ஆற்றிற் கலக்கிறது. அதனால் இலையுதிர் காலக் காலைகளில் மூடுபனி எழுகிறது. அவ்வீரத்தில் பூசணம் வளர்ந்து பழத்தோலில் நுண்துளைகளை இடுகிறது. நண்பகல் வெயிலில் அத்துளைகள் வழியே நீர் வெளியேற, சர்க்கரையும் புளிப்பும் செறிந்து பழம் சுருங்குகிறது. வெயில் வராமல் மழை நீடித்தாலோ அதே பூசணம் தோட்டத்தையே அழுகச் செய்துவிடும். 2012-ஆம் ஆண்டு விளைச்சலிலிருந்து புகழ்பெற்ற இக்கெம் மாளிகையார் தம் பெயரில் இனிப்பு மதுவை வெளியிடவே இல்லை. நல்ல ஆண்டிலும் அங்கு ஒரு கொடி தருவது ஒரு கிண்ண மதுவே என்பர். பக்குவமான பழங்களை மட்டும் தேர்ந்து, பன்முறை சென்று பறிக்கின்றனர். இவ்வளவு பொறுமைக்குக் கூலி யார் கொடுப்பார்? விலை மிகுந்திருப்பதில் வியப்பில்லை.

சாற்றிலுள்ள சர்க்கரை முழுவதையும் ஈஸ்டு என்னும் நுண்ணுயிரால் சாராயமாக மாற்ற இயலாது. எஞ்சிய சர்க்கரையும், புளிப்பும், சாராயமும் சேர்ந்து அம்மதுவைப் பல்லாண்டு காக்கின்றன.

இனிச் சுவைஞரின் வேலையைப் பார்ப்போம். (உங்களைக் குடிக்கத் தூண்டுவது என் நோக்கமன்று, அவரும் குடிப்பதில்லை, வாயிலிட்டு உமிழ்ந்துவிடுகிறார்.) முதலில் கிண்ணத்தை வெள்ளைத் துணியின்மேற் சாய்த்து நிறம் காண்கிறார். இளமையில் வெளிர்பொன்னாக இருந்தது, முப்பது நாற்பது ஆண்டுகளில் அம்பர் நிறமாக முதிர்ந்திருக்கும். பின்பு முகர்கிறார். புதுமதுவில் மலரும் தேனும் ஆரஞ்சுத் தோலும் மணக்கும். முதிர்ந்ததில் முறுகக் காய்ச்சிய சர்க்கரை, உலர்பழம், வாதுமை, சிலவேளை குங்குமப்பூ.

நாவில் இடும்போதுதான் நுட்பம் தெரிகிறது. புட்டியிலுள்ள சர்க்கரை ஏறக்குறைய அப்படியே இருப்பினும், பழைய மது இனிப்புக் குறைந்ததுபோல் தோன்றும். ஆதலின் சுவைஞர் இனிப்பை நம்புவதில்லை, புளிப்பைத் தேடுகிறார். அது தளர்ந்திருந்தால் வெல்லப்பாகுபோல் நாவில் ஒட்டும்; உயிரோடிருந்தால், உமிழ்ந்த பின்னும் நெடுநேரம் சுவை நிற்கும். அந்நேரத்தை அவர் மனத்துள் எண்ணிக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்.