அத்தாவின் புல்லட்டும் அல்லாஹ் வகுத்த பங்கும்

உங்கள் வீட்டுக் கொல்லையிலோ கொட்டகையின் மூலையிலோ, கோணிப்பை போர்த்திய பழைய மோட்டார் சைக்கிள் ஏதேனும் நிற்கிறதா? உங்கள் தந்தையோ பாட்டனாரோ ஓட்டிய வண்டியாக அது இருக்கலாம். பழைய இரும்பு வாங்குபவர் வாசலில் குரல் கொடுக்கும் போதெல்லாம் அதைப் போட்டுவிடலாமா என்ற எண்ணமும் உங்களுக்கு வந்திருக்கலாம். அப்படி ஒரு வண்டி உங்களிடம் இருக்குமானால், இக்கட்டுரையை இறுதிவரை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தருமபுரியில் எங்கள் வீட்டிலும் அத்தகைய வண்டி ஒன்று நின்றது. 1987 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட 350 சி.சி. புல்லட் அது. என் அத்தா புளி வியாபாரி. பாலக்கோடு, பென்னாகரம், அரூர் என்று சந்தை சந்தையாக அவரைச் சுமந்து சென்ற வண்டி. 2013 இல் அவர்கள் மவுத்தானார்கள். அதன்பின் வண்டிக்கு உதை கொடுப்பாரில்லை. பத்தாண்டுகள் மழைச்சாரலிலும் கோழி எச்சத்திலும் கிடந்தது.

புல்லட்டின் வரலாறு நம் மாநிலத்தோடு பிணைந்தது. இங்கிலாந்தின் ரெடிச் நகரில் பிறந்த என்ஃபீல்ட் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கைகோத்து, 1955 இல் என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டிய திருவொற்றியூர்த் தொழிற்சாலை, பின்னர் வண்டி முழுவதையும் தானே செய்யத் தொடங்கியது. தாய் நிறுவனம் 1970 இல் இங்கிலாந்தில் தன் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. சென்னையில் வளர்ந்த சேயோ இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தங்கை கேட்ட கேள்வி

வண்டியைச் சீர்செய்து நானே ஓட்டுவது என முடிவு செய்து, ஒரு ரமளான் விடுமுறையில் வேலையைத் தொடங்கினேன். பெருநாளைக்கு வந்திருந்த என் தங்கை அருகில் வந்து அமர்ந்தாள். சற்று நேரம் பேசாமல் பார்த்திருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்: "அத்தா வண்டிய நீங்க எடுத்துக்கிறதுல எனக்குச் சந்தோஷந்தாண்ணே. ஆனா, இதுல எங்களுக்கும் பங்கு உண்டுதானே? யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே?"

என் கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது. மதரஸாவில் மாணவர்களுக்குப் பாகப்பிரிவினைச் சட்டத்தை ஆண்டுதோறும் நடத்துபவன் நான். வீட்டையும் நிலத்தையும் முறைப்படிப் பிரித்திருந்தோம். ஆனால் இந்த வண்டி? ஆண்பிள்ளைதானே வண்டி ஓட்டுவான் என்று, கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிட்டேன். இறந்தவர் விட்டுச் சென்ற ஊசிகூட வாரிசுகளின் சொத்து என்று பிறருக்குச் சொல்லிக்கொடுத்த நாவு, தன் வீட்டில் வாயடைத்து நின்றது.

மறுநாளே இரு மெக்கானிக்குகளை அழைத்து, சீர்செய்யாத நிலையில் வண்டி என்ன விலை பெறும் என்று கேட்டேன். 32,000 ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். அடக்கச் செலவும், கடன்களும், மரண சாசனமும் போக எஞ்சியதே வாரிசுகளுக்கு உரியது. அவையெல்லாம் முன்பே தீர்க்கப்பட்டிருந்தன. அத்தாவின் பெற்றோர் அவருக்கு முன்பே மறைந்துவிட்டனர். எனவே அம்மா, நான், அக்கா, தங்கை ஆகிய நால்வரே வாரிசுகள். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 4,000 ரூபாய். மீதி 28,000 ரூபாயில் ஆணுக்கு இரு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்ற விதிப்படி எனக்கு 14,000. அக்காவுக்கும் தங்கைக்கும் தலா 7,000. ஆக, நான் "என் வண்டி" என்று எண்ணியதில் பாதிக்கு மேல் எனக்குச் சொந்தமில்லை!

ஐந்து மாதத் தவணையில் மூவருக்கும் கொடுத்து முடித்தேன். அக்கா "எனக்கு எதுக்குடா?" என்று மறுத்தார்கள். நான் விடவில்லை. வெட்கத்தாலும், உறவு கெட்டுவிடுமோ என்ற அச்சத்தாலும் பெண்கள் "வேண்டாம்" என்று சொல்வதை மனமுவந்த விட்டுக்கொடுப்பு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பங்கை முதலில் அவர்கள் கையில் வையுங்கள். பின்னர் அவர்கள் விரும்பினால் தரட்டும். அக்கா பணத்தை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, அதில் 2,000 ரூபாயை எடுத்து நீட்டி, "அத்தா வண்டிக்கு என் பேர்ல ஒரு டயர் போடு" என்றார்கள். அந்த டயர் இன்றும் பின்சக்கரத்தில் ஓடுகிறது.

சட்டமும் இதையே வேறு வகையில் கேட்கிறது. உரிமையாளர் இறந்த 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31 வழியாகப் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். 15 ஆண்டுகள் கடந்த வண்டியின் பதிவை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டுகளைக் கடந்த மோட்டார் சைக்கிளுக்கு இக்கட்டணம் 2025 இல் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தாமதித்தால் தண்டமும் சேரும். பெயரும் பதிவும் காப்பீடும் சரியில்லாத வண்டியைச் சாலையில் இறக்குவது, விபத்து நேர்ந்தால் குடும்பத்தையே கடனில் ஆழ்த்திவிடும்.

உறங்கிய எந்திரத்தை எழுப்புதல்

பல்லாண்டு நின்ற வண்டியைக் கண்டதும் கிக்கரில் ஏறி மிதிப்பவர்களே பலர். அது பெருந்தவறு. சிலிண்டருக்குள் பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே சிறிது எண்ணெய் விட்டு, இரண்டு மூன்று நாட்கள் ஊறவிடுங்கள். பின்பு வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். பொறுமைக்கு எந்திரமும் இணங்கும். பழைய எஞ்சின் எண்ணெயை முழுவதும் வடித்துப் புதிது ஊற்றிய பிறகே உதைக்க வேண்டும்.

அடுத்தது பெட்ரோல் டாங்க். உள்ளே துரு இருக்கும் வரை கார்புரேட்டரை எத்தனை முறை துடைத்தாலும் பயனில்லை. துருவை நீக்கிக் கழுவி, நன்றாக உலர்த்தி, பெட்ரோல் குழாயில் ஒரு சிறு ஃபில்டரையும் பொருத்துங்கள்.

கார்புரேட்டர் என்னும் தராசு

கார்புரேட்டரின் வேலை என்ன? காற்றையும் பெட்ரோலையும் அளவறிந்து கலப்பதே. பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். குறுகிய வழியில் காற்று விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவே கீழுள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோலை உறிஞ்சி மேலே இழுக்கிறது. இந்த விளைவை 1797 இல் எழுதி வெளியிட்ட இத்தாலிய அறிஞர் வெஞ்சூரியின் பெயரே அந்தக் குறுகிய வழிக்கு இன்றும் வழங்குகிறது.

கிண்ணத்தில் பெட்ரோலின் மட்டத்தைக் காப்பது ஃப்ளோட் என்னும் மிதவை. மட்டம் உயர்ந்தால் மிதவை எழும்பி ஊசியால் வழியை அடைக்கும், தாழ்ந்தால் திறக்கும். இந்த மிதவைத் தந்திரம் நம்மவர்க்குப் புதிதல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த முஹம்மது, அஹ்மது, ஹஸன் என்னும் பனூ மூஸா சகோதரர்கள், தங்கள் "கிதாபுல் ஹியல்" என்னும் நூலில் மிதவைகளையும் கூம்பு வடிவ வால்வுகளையும் கொண்டு தாமாகவே இயங்கும் கருவிகளை விவரித்துள்ளார்கள். சுழலும் அசைவை முன்பின் அசைவாக்கும் நீரிறைக்கும் கருவியை அல்ஜஸரீ 1206 இல் நிறைவு செய்த தம் நூலில் வரைந்து காட்டினார். இன்று நம் பிள்ளைகள் ஸ்பேனரைத் தொடுவதைக் கௌரவக் குறைவு என்று எண்ணுகிறார்களே, இது முறையா?

ட்யூனிங் செய்யும் வகை

அனுபவமுள்ள மெக்கானிக்குகள் சொல்லும் உண்மை ஒன்று உண்டு: கார்புரேட்டர் மீது சுமத்தப்படும் பழிகளில் பெரும்பாலானவை வேறு பாகங்களுக்கு உரியவை. ஆகவே முதலில் மற்றவற்றைச் சரிபாருங்கள். பழைய புல்லட்டின் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில், இரு வால்வுகளும் மூடிய நிலையில், டேப்பட் தண்டுகள் விரலால் சுழற்றினால் சுழல வேண்டும்; மேலும் கீழும் ஆடக் கூடாது. ஏர் ஃபில்டர் தூய்மையாக இருக்க வேண்டும். கார்புரேட்டரும் எஞ்சினும் சேருமிடத்தில் காற்றுக் கசிவு இருக்கக் கூடாது.

பிறகு கார்புரேட்டரைக் கழற்றுங்கள். ஜெட்டுகள் மென்மையான பித்தளையால் ஆனவை. கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி, அளவு நிரந்தரமாகக் கெட்டுவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றால் ஊதுவதே முறை.

பூட்டியபின் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடேற்றுங்கள். ஐடில் திருகால் வேகத்தைச் சிறிது கூட்டுங்கள். மிக்கார்ப் போன்ற கார்புரேட்டர்களில் பக்கவாட்டில் உள்ள காற்றுத் திருகை மெதுவாக முழுவதும் மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறவுங்கள். அங்கிருந்து கால் சுற்றுக் கால் சுற்றாக இருபுறமும் திருப்பிக் காது கொடுத்துக் கேளுங்கள். மூடினால் பெட்ரோல் மிகும். திறந்தால் காற்று மிகும். எஞ்சின் தடுமாறாமல் அதிக வேகமாக ஓடும் இடம் ஒன்று உண்டு. அதுவே சமநிலை. பின் ஐடில் வேகத்தைக் குறைத்து, மறுபடியும் ஒருமுறை சரிபாருங்கள்.

சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், அது உண்மை சொல்லும். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளிறி வெண்மையாக இருந்தால் காற்று மிகுதி; எஞ்சின் சூடேறிக் கெடும். பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி. ராஜ்தூத் 350 போன்ற, இரு சிலிண்டரும் இரு கார்புரேட்டரும் உடைய வண்டிகளில் இன்னொரு பணியும் உண்டு. ஆக்சிலேட்டரைத் திருகும்போது இரண்டின் ஸ்லைடுகளும் ஒரே கணத்தில், ஒரே அளவில் எழ வேண்டும். ஒன்று முந்தினால் மற்றொன்றின் சுமையையும் அதுவே சுமக்க நேரும். குடும்பத்திலும் அப்படித்தானே?

இன்று கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் கெடுக்கும். கலவையையும் சற்று மெலியச் செய்யும். எனவே ரப்பர் பாகங்களைப் புதிதாக மாற்றுங்கள். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதானால், பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கிண்ணம் வற்றித் தானே அணையும் வரை எஞ்சினை ஓடவிடுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்

வீட்டில் இவ்வேலை நடக்கும்போது உங்கள் கண்காணிப்பு அவசியம். அடுப்பு எரியும் இடத்திற்கு அருகில் பெட்ரோலைத் திறக்க விடாதீர்கள். குளிர்பான பாட்டிலில் பெட்ரோல் வைப்பதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு வேறுபாடு தெரியாது. குழாயை வாயால் உறிஞ்சுவதும் கூடாது. மூடிய அறையில் எஞ்சினை ஓடவிட்டால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உயிரையே பறித்துவிடும். பழைய பிரேக் ஷூக்களின் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், அதை ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒன்று. பழைய புல்லட்டின் டிரம் பிரேக், இன்றைய வேகத்திற்காகச் செய்யப்பட்டதல்ல. நம் மாவட்டத்துத் தொப்பூர்க் கணவாயின் இறக்கம் எத்தனை வீடுகளின் விளக்கை அணைத்திருக்கிறது என்பதை நாம் அறிவோம். பிரேக்கைச் சீர்செய்யாமல், ஹெல்மெட் அணியாமல் அங்கே இறங்காதீர்கள். சைலன்சரை மாற்றி, நோயாளியும் கைக்குழந்தையும் உறங்கும் தெருவை அதிரவைப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் அநீதியாகும்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பால் அறிகிறோம். பழுதானதைச் சீராக்கிப் பயன்படுத்துவது சிக்கனம் மட்டுமன்று; சுன்னத்தின் மணமும் அதில் உண்டு. அர்ரஹ்மான் சூராவில் வானத்தை உயர்த்தியதையும் தராசை நிலைநிறுத்தியதையும் இறைவன் அடுத்தடுத்துக் கூறுகிறான். காற்றுக்கும் பெட்ரோலுக்கும் இடையே ஒரு தராசு உண்டு. உடன்பிறந்தாருக்கு இடையிலும் ஒரு தராசு உண்டு. முதலாவது பிசகினால் வண்டி நிற்கும். இரண்டாவது பிசகினால் மறுமையில் நாம் நிற்க வேண்டியிருக்கும்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அம்மாவை அந்த வண்டியில் அத்தாவின் கபர் இருக்கும் சாலை வழியே மெதுவாக அழைத்துச் செல்கிறேன். அந்த ஓசை கேட்டதும் அம்மா பேச்சை நிறுத்திவிடுவார்கள். என் மனமும் அமைதியாக இருக்கிறது; ஏனெனில் அதில் எவருடைய பங்கும் பாக்கியில்லை.

உங்கள் கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு உதை கொடுக்கும் முன், உங்கள் சகோதரிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வல்ல அல்லாஹ் நம் உடைமைகளிலும் உறவுகளிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.