ஆளுநர் உங்களுக்கு வாட்ஸ்அப் அனுப்ப மாட்டார்

"ரிசர்வ் வங்கியில் உங்கள் பெயரில் பெருந்தொகை முடங்கிக் கிடக்கிறது, சில ஆயிரம் கட்டினால் விடுவித்துவிடலாம்." ரிசர்வ் வங்கி ஆளுநரின் படத்தோடு இப்படி வரும் செய்தி பல ஆண்டுகளாக உலவும் மோசடி. படித்தவர்களும் இதில் விழுகிறார்கள். பேராசை மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வங்கியில் யாருக்கு என்ன வேலை என்பதை நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

1935 ஏப்ரல் 1இல் தனியார் பங்குதாரர்களோடு தொடங்கி, 1949 ஜனவரி 1இல் அரசுடைமையானது ரிசர்வ் வங்கி. தலைமையில் ஆளுநர், அவருக்குக் கீழே நான்கு பேர் வரை துணை ஆளுநர்கள். இவர்களை நியமிப்பது மத்திய அரசு. நிர்வாகத்தைக் கவனிக்க மத்திய இயக்குநர் குழு உண்டு. வீட்டுக் கடன் தவணையை ஏற்றி இறக்கும் ரெப்போ வட்டியைக்கூட ஆளுநர் தனியாக முடிவுசெய்வதில்லை. ஆறு பேர் கொண்ட பணக்கொள்கைக் குழு வாக்களித்துத்தான் தீர்மானிக்கிறது. அதில் மூவர் ரிசர்வ் வங்கியினர், மூவர் அரசு நியமித்த வெளியாட்கள். வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தால் மட்டும் ஆளுநருக்கு இன்னொரு வாக்கு. (நோட்டில் கையெழுத்துப் போடுபவரும் அவர்தான்; ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் நிதித்துறைச் செயலர்.)

இத்தனை பெரிய அமைப்பில் பொதுமக்களுக்குச் சேமிப்புக் கணக்கு நடத்தும் கவுன்டர் ஒன்றுகூடக் கிடையாது. பிறகு உங்கள் பணம் அங்கே எப்படி முடங்கும்? ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி ஓடிபி கேட்பவர் யாராக இருந்தாலும் திருடர். பணம் போய்விட்டால் உடனே உங்கள் வங்கிக்கும் 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணுக்கும் தெரிவியுங்கள். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் உங்கள் நஷ்டம். தெரிவித்த பிறகும் போனால் அது வங்கியின் பொறுப்பு. கூச்சப்பட்டு ஒரு நாள் தள்ளிப்போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

வங்கியே மூழ்கினால்? ரிசர்வ் வங்கிக்குச் சொந்தமான வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகம், ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை தரும். 2020 வரை இது வெறும் 1 லட்சம். அதே வங்கியின் நான்கு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் மொத்தமாக ஒரே கணக்குதான். ஊரில் "சொசைட்டி" என்கிறோமே, அந்தத் தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. நிதி நிறுவனங்களுக்கும் கிடையாது. அதிக வட்டி தருகிறார்கள் என்று அங்கே போடுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வங்கியே அநியாயம் செய்தால், முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம். கிளையில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் புகார் கொடுத்ததற்குச் சாட்சி இருக்காது. தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கிளையை விட்டு வராதீர்கள்.